‘அண்ட் தென் தேர் வேர் நன்’: 2015 தொடரைப் பற்றி ஏன் இத்தனை எதிரெதிரான கருத்துகள்?

அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலை பிபிசி 2015இல் மூன்று பகுதித் தொடராக எடுத்தது. அந்தத் தொடரை ஒரு சாரார் நாவலுக்கு மிக நெருக்கமான திரைவடிவம் என்று கொண்டாடுகிறார்கள், இன்னொரு சாரார் நாவலைக் கெடுத்துவிட்டது என்று கோபப்படுகிறார்கள். ஒரே தொடரைப் பார்த்தவர்கள் இப்படி எதிரெதிராகப் பேசுவது எப்படி, இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரு சாராரும் தொடரின் வெவ்வேறு பகுதிகளைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதே என் பதில். யார் யாரைக் கொல்கிறார், எந்த வரிசையில், கடைசியில் என்ன ஆகிறது என்ற அளவில் தொடர் நாவலோடு ஏறக்குறைய ஒட்டியே போகிறது. ஆனால் அந்தத் தீவுக்கு வரவழைக்கப்பட்டவர்கள் முன்பு செய்த குற்றங்களின் தன்மையைத் தொடர் மாற்றிவிட்டது. பலரும் அதைக் கவனிக்காமல் போதைப்பொருள் காட்சியைப் பற்றியும் துண்டு கட்டிய கதாநாயகனைப் பற்றியும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைப் பற்றி உருப்படியாக எதையும் பேச முடியாது. நாவலையும் படிக்காமல் தொடரையும் பார்க்காமல் இருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

முதலில் கதைச் சுருக்கம். டெவன் கடற்கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவுக்கு, ஒருவரையொருவர் அறியாத எட்டுப் பேர் வெவ்வேறு காரணம் சொல்லி அழைக்கப்படுகிறார்கள். அங்கே வேலைக்கு அமர்த்தப்பட்ட கணவன் மனைவி இருவர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அழைத்தவர் வரவில்லை. இரவு உணவு முடிந்ததும் ஒரு கிராமபோன் இசைத்தட்டு ஓடி, பத்துப் பேர் மீதும் பெயர் சொல்லி ஆளுக்கொரு கொலைக் குற்றம் சாட்டுகிறது. அதன் பிறகு, சுவரில் மாட்டியிருக்கும் ஒரு குழந்தைப் பாட்டின் வரிகளுக்கு ஏற்ப ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒருவர் செத்ததும் மேசை மேல் இருக்கும் பத்துப் பொம்மைகளில் ஒன்று குறைகிறது. துப்பறிவாளர் என்று ஒருவரும் கிடையாது. கொலையாளி அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஓய்வுபெற்ற நீதிபதி வார்கிரேவ். நடுவில் தானும் செத்துவிட்டதாக மருத்துவரின் உதவியோடு நாடகமாடி, மிச்சமிருப்பவர்களை முடித்து, கடைசியில் தானும் சாகிறார்.

தொடர் ‘ரொம்பவும் இருட்டாக இருக்கிறது, கிறிஸ்டி இப்படியா எழுதினார்’ என்று பலர் சொல்லும் குறையை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுவே மிகப் பரவலானது, மிகவும் தவறானதும் கூட. இந்தக் குறையைச் சொல்பவர்களில் பலர் மனத்தில் வைத்திருப்பது 1939இல் வந்த நாவலை அல்ல. நாவலை மேடை நாடகமாக 1943இல் கிறிஸ்டியே மாற்றி எழுதினார். கடைசியில் எல்லாரும் செத்துக் கிடக்கும் மேடையில் கதையைச் சொல்லி முடிக்க ஆள் இருக்காது என்பதாலும், போர்க்காலத்துப் பார்வையாளர்களை அப்படி ஒரு முடிவோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதாலும், வேரா கிளேதோர்ன், பிலிப் லம்பார்ட் என்ற இருவரையும் குற்றமற்றவர்களாக்கி, பிழைக்க வைத்து, காதலிலும் சேர்த்துவிட்டார். அந்தக் குழந்தைப் பாட்டுக்கே கடைசி வரி இரண்டு விதமாக உண்டு: ஒன்றில் மிஞ்சிய பையன் தூக்கு மாட்டிக்கொள்கிறான், இன்னொன்றில் கல்யாணம் செய்துகொள்கிறான். நாடகம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. ரெனே கிளேர் 1945இல் எடுத்த படமும், கதையைப் பனிமலை உச்சிக்குக் கொண்டுபோன 1965 படமும், ஈரானியப் பாலைவன ஓட்டலுக்குக் கொண்டுபோன 1974 படமும் இந்த நாடக முடிவையே பின்பற்றின. 1965 படத்தில் கடைசிக் கட்டத்துக்கு முன் படத்தை நிறுத்தி, கொலையாளி யார் என்று யூகிக்கப் பார்வையாளர்களுக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள். பத்துப் பேர் சாகிற கதை அந்த அளவுக்கு விளையாட்டாக ஆகிவிட்டிருந்தது. இப்படி இருபது முப்பது ஆண்டுகளாகப் பழகிப்போன ஒரு கதையைத்தான் பலர் ‘மூலம்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாவலைத் திறந்து பார்த்தால் அதில் பிழைப்பவர் யாரும் இல்லை, காதலும் இல்லை. ஒரு சிறுவனைக் கடலில் சாக விட்ட ஆசிரியை வேரா, அந்த நினைவு கழுத்தை நெரிக்க, தன் அறையில் தொங்கும் தூக்குக் கயிற்றில் தானாகவே தலையைக் கொடுக்கிறாள். அந்தக் கட்டத்தில் பாட்டின் கடைசி வரி அவளுக்குச் சரியாக நினைவில்லை. கல்யாணம் பற்றிய ஏதோ ஒன்று என்று தன் பழைய காதலன் ஹ்யூகோவை நினைத்தபடி படியேறுகிறாள், கதவைத் திறந்து கயிற்றைப் பார்த்ததும்தான் சரியான வரி நினைவுக்கு வருகிறது. இதைவிட இருட்டாக ஒரு துப்பறியும் நாவலில் எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. எனவே 2015 தொடருக்குத் திரைக்கதை எழுதிய சாரா பெல்ப்ஸ் இருட்டை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, நாடகம் அணைத்து வைத்திருந்ததை மீண்டும் ஏற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய அளவில் எடுக்கப்பட்ட வடிவங்களில் நாவலின் முடிவுக்கு இவ்வளவு நேர்மையாகத் திரும்பியது இதுவே என்று கொண்டாடுபவர்கள் சொல்வதில் தவறில்லை. பெல்ப்ஸ் அதற்கு முன்பு கிறிஸ்டியைப் படித்ததே இல்லை என்று பேட்டிகளில் சொன்னதைச் சிலர் குற்றமாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டமாகத் தெரிகிறது, ஏனென்றால் பழைய படங்களின் சாயல் மனத்தில் இல்லாமல் நாவலை அவர் புதிதாகப் படித்திருக்கிறார்.

இனி, நாவலை நன்றாகப் படித்தவர்களின் கோபத்துக்கு வருகிறேன். அதற்கு உண்மையான காரணம் இருக்கிறது, ஆனால் அவர்களே அதைச் சரியாக எடுத்துச் சொல்வதில்லை.

நாவலில் நீதிபதி வார்கிரேவ் எப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்கிறார்? சட்டத்தின் கைக்கு எட்டாத கொலைகளைச் செய்தவர்களை. இந்த எண்ணம் அவருக்கு எப்படி வந்தது என்பதைத் தன் வாக்குமூலத்திலேயே அவர் எழுதுகிறார். ஒரு மருத்துவர் பேச்சுவாக்கில் தன் நோயாளியான ஒரு வயதான அம்மையாரைப் பற்றிச் சொல்கிறார்: நெஞ்சுவலி வந்தபோது கொடுக்க வேண்டிய மருந்தை அவரிடம் வேலை பார்த்த கணவனும் மனைவியும் கொடுக்காமல் இருந்திருப்பார்கள் என்று தனக்குச் சந்தேகம், அந்த மரணத்தால் அவர்களுக்குப் பணமும் கிடைத்தது, ஆனால் இதை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது என்கிறார். செய்ததைக் காட்டிக் குற்றம் சாட்டலாம்; செய்யாமல் விட்டதை எப்படிக் காட்டுவது? அந்தக் கணவன் மனைவிதான் தீவில் வேலைக்கு இருக்கும் ரோஜர்ஸ் தம்பதி. நாவலின் முழுத் திட்டமும் இந்த ஒரு சம்பவத்திலிருந்து முளைக்கிறது.

தொடரில் ரோஜர்ஸ் என்ன செய்கிறான்? அந்த அம்மையாரின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்திக் கொல்கிறான். பார்க்கும்போது அது பதற வைக்கும் காட்சிதான், நோவா டெய்லரும் ஆனா மேக்ஸ்வெல் மார்ட்டினும் அதை நன்றாகவே நடித்திருக்கிறார்கள். ஆனால் தலையணையை வைத்து அழுத்துவது சட்டத்துக்கு எட்டாத குற்றம் அல்ல. மாட்டிக்கொள்ளாமல் போன சாதாரணக் கொலை. எந்தச் சம்பவம் நீதிபதியின் தலையில் இந்த எண்ணத்தையே விதைத்ததோ, அந்தச் சம்பவத்தையே தொடர் மாற்றிவிட்டது.

தளபதி மெக்கார்த்தரின் கதையிலும் இதுவே நடந்திருக்கிறது. நாவலில் அவர் மனைவிக்கும், அவர் கீழ் பணியாற்றும் இளம் அதிகாரி ரிச்மண்டுக்கும் இடையே இருந்த உறவு, ஒரு கடிதம் உறை மாறி வந்ததால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் எதுவும் பேசுவதில்லை. சில நாள் கழித்து, திரும்பி வர வாய்ப்பே இல்லாத ஒரு வேவுப் பணிக்கு ரிச்மண்டை அனுப்புகிறார். முதல் உலகப் போரில் அப்படி எத்தனையோ உத்தரவுகள் போடப்பட்டன, எத்தனையோ பேர் திரும்பவில்லை. இதில் கொலை எங்கே இருக்கிறது என்று எந்த ராணுவ நீதிமன்றமும் விரல் வைக்க முடியாது. கொலை இருப்பது அந்த மனிதரின் மனத்துக்குள் மட்டும்தான், அதனால்தான் தீவில் அவர் கடலைப் பார்த்தபடி சாவுக்காகக் காத்து உட்கார்ந்துவிடுகிறார். தொடரில் சாம் நீல் நடித்த தளபதி, பதுங்குகுழியில் ரிச்மண்டைப் பின்னாலிருந்து தன் கையாலேயே சுட்டுவிடுகிறார். ஒரு நொடியில் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. அவ்வளவு எளிதில் புரிந்துவிடுவதுதான் கோளாறு.

காவல்துறை அதிகாரி புளோர் நாவலில் ஒரு கொள்ளைக் கூட்டத்திடம் பணம் வாங்கிக்கொண்டு, லேண்டர் என்ற அப்பாவிக்கு எதிராக நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்கிறார். அந்த ஆள் சிறையில் செத்துப்போகிறான், புளோருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. சட்டத்தையே ஆயுதமாக்கிச் செய்த கொலை இது. தொடரில் லேண்டர் ஓரினச்சேர்க்கையாளன் என்பதற்காகக் கைது செய்யப்பட்டு, லாக்கப்பில் புளோரின் கையால் அடித்தே கொல்லப்படுகிறான். லம்பார்ட் நாவலில் ஆப்பிரிக்காவில் தன்னோடு வந்த 21 பழங்குடியினரை உணவில்லாமல் தவிக்க விட்டுவிட்டுத் தப்பியவன். தொடரில் வைரத்துக்காக அவர்களைக் கொன்றவன். செய்யாமல் விட்டது, அனுப்பிவிட்டது, சொல்லிவிட்டது, கைவிட்டுப் போனது என்று நாவலில் இருந்த குற்றங்களெல்லாம் திரையில் அடி, துப்பாக்கிச் சூடு, மூச்சுத்திணறல் என்று கண்ணுக்குத் தெரியும் செயல்களாக மாறியிருக்கின்றன.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. நாவலில் நீதிபதி யாரை முதலில் கொல்ல வேண்டும், யாரைக் கடைசி வரை பயத்தில் வாட்ட வேண்டும் என்பதை ஒரு கணக்கோடு தீர்மானிக்கிறார்: குற்றத்தின் பாரம் குறைந்தவர்கள் முதலில் வலியில்லாமல் போக வேண்டும், மனமறிந்து, கல்நெஞ்சோடு செய்தவர்கள் கடைசி வரை காத்திருக்க வேண்டும். வேகமாகக் கார் ஓட்டி இரண்டு குழந்தைகளைக் கொன்ற மார்ஸ்டனுக்கு நன்மை தீமை என்ற உணர்வே பிறவியில் இல்லை என்பதாலும், திருமதி ரோஜர்ஸ் கணவனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவள் என்பதாலும் அவர்கள் இருவரும் முதலில் போகிறார்கள். அடுத்து தளபதி. தொடரிலும் சாவின் வரிசை இதேதான், ஆனால் குற்றங்களின் எடை மாறிவிட்டது. தலையில் குறிவைத்துச் சுட்டவர் மூன்றாவதாகவே போய்விட, குடித்துவிட்டு அறுவைச் சிகிச்சை செய்து கைநடுக்கத்தால் ஒரு பெண்ணைச் சாகவிட்ட மருத்துவர் ஆர்ம்ஸ்ட்ராங் கடைசி நால்வரில் ஒருவராகத் தவித்துக்கொண்டிருப்பதில் என்ன நீதிக்கணக்கு இருக்கிறது? நாவலைப் படித்தவர்களுக்குத் தொடரைப் பார்க்கும்போது எங்கேயோ ஏதோ இடறுகிறது என்று தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இடறுவதை உணர்ந்துவிட்டு, காரணம் கண்டுபிடிக்க முடியாமல், தொடரில் வரும் கெட்ட வார்த்தைகளின் மீது பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆனாலும் மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. புளோரின் குற்றத்தை மாற்றியதில் இழப்பு இருந்தாலும் வரவும் இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்கள் இருவருக்கிடையிலான உறவு சட்டப்படி குற்றம், 1967 வரை அப்படித்தான் இருந்தது; எனவே லாக்கப்பில் அப்படி ஒருவன் செத்தால் கேட்க நாதியிருந்திருக்காது என்பது வரலாற்றோடு பொருந்துகிறது. அந்த வகையில் இது ‘சட்டத்துக்கு எட்டாத குற்றம்’ என்ற வரையறைக்குள் வேறு வழியில் வந்து சேர்கிறது, ஏனென்றால் இங்கே சட்டமே கொன்றவன் பக்கம் நிற்கிறது. புளோராக நடித்த பர்ன் கோர்மன் கடைசிப் பகுதியில் அதை ஒப்புக்கொள்ளும் இடம் தொடரின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று. தளபதியின் துப்பாக்கிக்கும் ரோஜர்ஸின் தலையணைக்கும் இப்படி ஒரு சமாதானம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெல்ப்ஸ் ஏன் இப்படிச் செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த நாவலைப் படமாக்குவதில் உள்ள அடிப்படைச் சங்கடத்தைப் பார்க்க வேண்டும். நாவலின் சாமர்த்தியம் முழுவதும் மனத்துக்குள் நடக்கிறது. கிறிஸ்டி பத்துப் பேரின் எண்ணங்களுக்குள்ளும் நம்மை அழைத்துப் போகிறார், கொலையாளியின் எண்ணத்துக்குள்ளும்தான், அப்படியிருந்தும் ஒரு பொய் கூடச் சொல்வதில்லை. முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தையே பாருங்கள். ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் சுருட்டுப் பிடித்தபடி நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார் நீதிபதி. தனக்கு வந்த அழைப்புக் கடிதத்தை எடுத்துப் பார்க்கிறார். எழுதியவர் பெயர் கான்ஸ்டன்ஸ் கல்மிங்டன். ஒரு தீவை வாங்கி மர்மமாக வாழக்கூடிய பெண்தான் அவள் என்று நினைத்துக்கொள்கிறார், அந்தத் தர்க்கம் சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டிக்கொள்கிறார், தூங்கிப்போகிறார். முதல் முறை படிப்பவர் இதை, ‘அழைப்பு உண்மையா என்று ஒரு முதியவர் யோசிக்கிறார்’ என்று எடுத்துக்கொள்வார். முடிவு தெரிந்து படித்தால், தானே புனைந்த கடிதம் நம்பும்படி இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஒரு கொலைகாரர் தெரிகிறார். எழுத்து ஒன்றுதான், ஒரு சொல் கூட மாறவில்லை. பின்னால் ஐந்து பேர் மிஞ்சியிருக்கும் கட்டத்தில், யாருடைய எண்ணம் என்று சொல்லாமலே ஐந்து பேரின் மன ஓட்டங்களையும் கலந்து வைத்துவிடுகிறார். அதில் கொலையாளியுடையதும் இருக்கிறது.

கேமராவால் இதைச் செய்யவே முடியாது. ஒரு முகத்தைக் காட்டலாம், முகத்துக்குப் பின்னால் ஓடும் வாக்கியத்தைக் காட்ட முடியாது; பின்னணிக் குரல் வைத்தால் கொலையாளியின் குரல் உடனே மாட்டிக்கொள்ளும். எனவே பெல்ப்ஸும் இயக்குநர் கிரெய்க் விவைரோஸும் எண்ணங்களுக்குப் பதிலாக நினைவுகளைக் காட்டினார்கள்: ஃபிளாஷ்பேக்குகள், கண்ணெதிரே தோன்றும் பிரமைகள், நீரிலிருந்து எழுந்து வருவது போன்ற சிறுவன். நினைவாகக் காட்ட வேண்டுமென்றால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். மருந்தைக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் படம்பிடித்தால் ஒருவன் சும்மா நிற்பதாகத்தான் தெரியும், தலையணையைப் படம்பிடிப்பது சுலபம். குற்றங்கள் கண்ணுக்குத் தெரியும்படி மாறியது இந்தத் தேவையால்தான் என்பது என் ஊகம். தேவை புரிகிறது, ஆனாலும் வேறு வழியே இல்லையென்று சொல்ல மாட்டேன். வேராவின் குற்றத்தை அவர்கள் மாற்றவில்லை என்பதே இதற்குச் சாட்சி. தன் பொறுப்பில் இருக்கும் சிறுவன் சிரில் தூரத்துப் பாறை வரை நீந்திப் போக அனுமதித்து, அவன் மூழ்குவான் என்று தெரிந்தே தாமதமாக நீந்துகிறாள்; அவன் செத்தால் அவள் காதலனுக்குச் சொத்து வரும், காதலனுக்குச் சொத்து வந்தால் அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். இதில் அடியும் இல்லை, ரத்தமும் இல்லை, வெயில் அடிக்கும் ஒரு கடற்கரை மட்டும்தான். மூன்று பகுதிகளிலும் துண்டு துண்டாக அந்தக் கடற்கரை திரும்பத் திரும்ப வரும்போது, வேராவாக நடித்த மாயிவ் டெர்மடி நீந்தும் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நமக்கு உறைக்கிறது. மொத்தத் தொடரிலும் பயங்கரமான ஃபிளாஷ்பேக் இதுதான், இதில் மட்டும் அவர்கள் நாவலை நம்பியிருக்கிறார்கள்.

நீதிபதியாக நடித்த சார்லஸ் டான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அவரைப் பார்த்ததுமே இவர்தான் என்று தெரிந்துவிட்டது’ என்று நாவலைப் படிக்காதவர்கள் சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு பெயர் பெற்ற ஒரு நடிகரை ஒதுங்கி உட்காரும் முதியவர் வேடத்தில் போட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும், அதற்கு அவர் என்ன செய்வார்? முடிவு தெரிந்து இரண்டாவது முறை பாருங்கள். கிராமபோன் ஓடும்போது மற்றவர்கள் எல்லாரும் பதறுகிறார்கள், அவர் மற்றவர்களைக் கவனிக்கிறார். நாவலின் ரயில் பெட்டிக் காட்சிக்கு ஈடாக ஏதாவது தொடரில் இருக்கிறதென்றால் அது இந்த நடிகரின் முகம்தான்.

முடிவுக் காட்சியைப் பற்றிய கருத்துகள் மிகவும் பிளவுபட்டவை, இதில் நான் தொடரின் பக்கம் நிற்கிறேன். நாவலில் வேரா தானாகவே தூக்கில் தொங்குகிறாள். பிறகு ஸ்காட்லாந்து யார்டில் இரண்டு அதிகாரிகள் ஒன்றும் புரியாமல் பேசிக்கொள்கிறார்கள்: அவள் உதைத்துத் தள்ளிய நாற்காலி ஒழுங்காகச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது, அப்படியென்றால் அவளுக்குப் பிறகும் யாரோ உயிரோடு இருந்திருக்க வேண்டும், ஆனால் தீவில் பத்துப் பிணங்கள் தவிர யாரும் இல்லை. கடைசியில், கடலில் மிதந்த ஒரு புட்டிக்குள்ளிருந்து நீதிபதியின் வாக்குமூலம் ஒரு மீன்பிடிப் படகுக்காரர் கையில் கிடைக்கிறது. படிப்பதற்கு இது அபாரமான ஏற்பாடு. படமாக எடுத்தால், கதையின் உச்சத்துக்குப் பிறகு புதிதாக இரண்டு பேர் வந்து உட்கார்ந்து பேசுவதையும், செத்தவர் ஒருவரின் குரல் நீளமாக விளக்கம் படிப்பதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தொடரில் வேரா கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்காலி மேல் நிற்கும்போதே கதவு திறக்கிறது, செத்துப்போனதாக நினைத்த நீதிபதி உள்ளே வருகிறார், விளக்கம் சொல்கிறார். சாகத் துணிந்து ஏறியவளுக்கு அந்த நொடியில் உயிராசை வந்துவிடுகிறது. கால் விரல் நுனியில் தடுமாறியபடி பேரம் பேசத் தொடங்குகிறாள். எல்லாப் பழியையும் செத்துப்போன லம்பார்ட் மேல் போட்டுவிடலாம், இருவருமே தப்பிவிடலாம் என்கிறாள். நாவலின் பிரியர்கள், ‘குற்ற உணர்ச்சியால் தானே சாக வேண்டியவளை நீதிபதியின் கையால் சாகடித்துவிட்டார்கள், உளவியல் போச்சு’ என்கிறார்கள். அது உண்மையே. நாவலில் அந்தத் தற்கொலை நீதிபதி செய்து பார்க்கும் ஒரு மனோதத்துவச் சோதனை, அதில் அவர் ஒளிந்து நின்று வெற்றியை ரசிக்கிறார். ஆனால் பேரம் பேசும் வேரா நமக்கு வேறொன்றைக் காட்டுகிறாள். மூன்று பகுதிகளாக நாம் பரிதாபப்பட்டு வந்த பெண், பயத்தின் உச்சத்தில், ஒரு பொய்யை எவ்வளவு வேகமாகவும் திறமையாகவும் கட்டுகிறாள் என்று பார்க்கும்போது, சிரில் செத்த பிறகு நடந்த மரண விசாரணையிலும் இதே முகத்தோடுதான் நின்றிருப்பாள் என்பது புரிகிறது. நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு நாற்காலியை அகற்றுகிறார். பிறகு கீழே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன்னைச் சுட்டுக்கொள்கிறார். நாவலில் இல்லாத இந்த உரையாடல் நாவலின் தீர்ப்பை இன்னும் கறாராக நிறைவேற்றுகிறது.

மற்ற புகார்களில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. போதைப்பொருள் அடித்துவிட்டு மிஞ்சியிருப்பவர்கள் ஆட்டம் போடும் காட்சி நாவலில் இல்லை, தேவையும் இல்லை. தீவுக்கு வந்தவர்களில் ஒருத்தியான எமிலி பிரென்ட் தன் வேலைக்காரப் பெண்ணை விரட்டியதற்குப் பின்னால் அடக்கி வைத்த ஆசை இருந்தது என்று கோடி காட்டியது, மிராண்டா ரிச்சர்ட்சன் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும், எனக்கு உடன்பாடில்லை. தான் செய்தது சரிதான் என்று கடைசி வரை உறுத்தலே இல்லாமல் வேதம் படிக்கும் நாவலின் எமிலிதான் அதிகம் பயமுறுத்துகிறாள். லம்பார்டாக நடித்து, துண்டு மட்டும் கட்டிக்கொண்டு நிற்கும் ஏய்டன் டர்னரைப் பற்றி அன்றைக்குப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின, கிறிஸ்டிக்கு இது அடுக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. கைத்துப்பாக்கி காணாமல் போனதும் எல்லாரும் உடைகளைக் களைந்து சோதனைக்கு நிற்பதும், வேரா நீச்சலுடையில் வந்து நிற்பதும் நாவலிலேயே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

‘மெதுவாகப் போகிறது’ என்ற குறை, எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. இது 2015 டிசம்பர் 26, 27, 28 என்று மூன்று இரவுகளில், இரவுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஒளிபரப்பானது. ஒவ்வொரு பகுதியும் ஒரு சாவில் போய் நிற்கும்படி கட்டப்பட்டது, இடையில் ஒரு பகல் முழுவதும் யாராக இருக்கும் என்று வீட்டில் பேசிக்கொள்ள நேரம் இருந்தது. மூன்றையும் ஒரே மூச்சில் பார்ப்பவர்களுக்கு இரண்டாம் பகுதி இழுப்பதாகத் தோன்றினால் அதில் ஆச்சரியமில்லை.

பெல்ப்ஸ் பிறகு எழுதிய கிறிஸ்டி தொடர்களோடு ஒப்பிட்டும் சிலர் இதைத் திட்டுகிறார்கள். 2018இல் வந்த ‘ஆர்டீல் பை இன்னசன்ஸ்’ தொடரில் அவர் கொலையாளியையே மாற்றிவிட்டார். அதைப் பார்த்துக் கொதித்தவர்கள் பின்னோக்கிப் போய் இந்தத் தொடரையும் அதே கூண்டில் நிறுத்துகிறார்கள். அது நியாயமல்ல. இங்கே கொலையாளியும் அவரே, வழிமுறையும் பெரும்பாலும் அதுவே.

நீங்கள் இன்னும் நாவலைப் படிக்கவில்லையென்றால் (இங்கே வரை படித்துவிட்டதால் முடிவு தெரிந்துவிட்டது, ஆனாலும் இந்த நாவல் இரண்டாவது வாசிப்பில்தான் அதிகம் தருகிறது), முதலில் அதைப் படித்துவிட்டுத் தொடருக்குப் போங்கள். குற்றங்களை வெளிப்படையான வன்முறையாக மாற்றாமல் திரையில் கொண்டுவர முடியுமா என்று பார்க்க ஆசையிருந்தால், ஸ்தானிஸ்லாவ் கொவோருகின் 1987இல் எடுத்த சோவியத் படம் இருக்கிறது. நாடக முடிவுக்குப் போகாமல் நாவலின் முடிவையே அது எடுத்துக்கொண்டது, 2015 தொடருக்கு 28 ஆண்டுகள் முன்பே. வாக்குமூலத்தை அதில் நீதிபதியின் குரலிலேயே கேட்கலாம். நான் மேலே சொன்ன நீளமான விளக்கம் திரையில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.